புகையாத அடுப்பு

கோவையில் புது பங்களா கட்டிய பொன்னுரங்கம், மொட்டை மாடிக்கு பார்பிக்யூ அடுப்பு வாங்கக் கடைக்கு வந்தார். எதைக் காட்டினாலும் உதட்டைப் பிதுக்கினார்.

"புகை வரக்கூடாது. கறி வாசம் கூடாது. இத்தாலி டைல்ஸ்ல சொட்டு எண்ணெய் படக்கூடாது. ஆனா பார்க்கறவன் வாயைப் பிளக்கணும். இல்லேன்னா உன் முதலாளிகிட்ட சொல்லி வேலைய விட்டே தூக்கிருவேன்!"

விற்பனைப் பெண் கோகிலவாணி அசரவில்லை. கடை வாசலில் பார்வைக்கு வைத்திருந்த அடுப்பைக் காட்டினாள்.

"இதாங்க சார். வந்த நாள்லருந்து புகையில்ல, வாசமில்ல, சொட்டு எண்ணெய் சிந்தல. போறவங்க வர்றவங்க எல்லாம் வாயைப் பிளக்கறாங்க."

"அதைப் பத்தவே வைக்கலையே!"

"சமைக்கணும்னு நீங்க சொல்லவே இல்லீங்களே சார்."

கடையே சிரிப்பை அடக்கியது. பொன்னுரங்கம் விறைப்பாக, "பேக் பண்ணு" என்றார்.

இன்றைக்கும் விருந்தாளிகள் அவர் மாடியில் வாயைப் பிளக்கிறார்கள். பிறகு கீழே இறங்கி, பார்சல் பிரியாணி சாப்பிடுகிறார்கள்.