நூறு கோல் கணக்கு

கேளுங்கள் பிள்ளைகளே, பெரியவர்களும் கேட்கலாம். ஊருக்கொரு ஏரி, ஏரிக்கொரு ராஜா என்றிருந்த காலம் அது. இளங்கண்டன் என்ற அரசன் தன் அவையில் பதினைந்து வயது தாண்டாத மூன்று பேரை வைத்திருந்தான். முல்லைநாதன் ஒருமுறை கேட்டதை மறக்கமாட்டான். பரிதி எந்தப் பூட்டையும் சாவியில்லாமல் திறப்பான். நப்பின்னை எந்தக் கணக்கையும் மனதிலேயே போடுவாள்.

மூவர் தலையிலும் பொன்பூ. ஒரே ஒருமுறை தவறினாலும் பூவைக் கழற்றி வைத்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும் என்பது அவை வழக்கம். அதனால் மூவருக்கும் "தெரியாது" என்று சொல்லவே வாய் வராது. நல்ல வழக்கம் போங்கள்!

ஓர் ஐப்பசியில் ஏரி தளும்பியது. கரையை ஓரிடத்தில் வெட்டி நீரை விடாவிட்டால் மொத்தமும் உடைந்துவிடும். சரியான இடத்தில் வெட்டினால் நீர் காட்டுக்குப் போகும். கொஞ்சம் முன்னால் வெட்டினாலோ நெசவாளர் தெருவுக்குள் பாயும். கண்ணுக்கு எல்லாம் சமதரைதான்.

நப்பின்னை பழைய அளவு ஓலையை ஒரே பார்வை பார்த்தாள். "பன்னிரண்டு சாண் கோலை எடுத்துட்டுப் போங்க. மடையிலேருந்து நூறு கோல் அளந்து வெட்டுங்க" என்றாள். ஆட்கள் ஓடினார்கள்.

பிறகுதான் ஓலையை மறுபடி பார்த்தாள். அதில் இருந்தது பதினாறு சாண் கோல்! பக்கத்திலிருந்த இருவரிடமும் ஓலையைக் காட்டினாள்.

"யாரும் கவனிக்கலை, பேசாம இரு. பழி அளந்தவங்க மேல போயிடும்" என்றான் முல்லைநாதன்.

"பூ போயிட்டா உங்க அப்பா முகத்துல எப்படி முழிப்ப?" என்றான் பரிதி.

நப்பின்னை எழுந்தாள், உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள், உட்கார்ந்தாள். மூன்றாம் முறை எழுந்தவள் ஓடினாள்.

"நிறுத்துங்க! என் கணக்கு தப்பு!"

முழங்கால் ஆழம் வெட்டியிருந்தார்கள். அவசர அவசரமாக அதை மூடி, நீளக்கோலால் அளந்து, தள்ளிப் போய் வெட்டினார்கள். நீர் இரைந்துகொண்டு காட்டுப் பக்கம் போனது. நெசவாளர் தெருவில் ஒரு தறிகூட நனையவில்லை. அப்பாடா! நப்பின்னை சேற்றிலேயே உட்கார்ந்து அழுது தீர்த்தாள்.

அவைக்குத் திரும்பியதும் அவள் கழற்றி நீட்டிய பூவை அரசன் வாங்கவில்லை. "தப்பு இந்த வழக்கத்து மேலதாம்மா. இன்னையோட அது ஒழிஞ்சுது" என்றான்.

முல்லைநாதன் மெல்ல முன்னால் வந்தான். "மகாராஜா, போன மாசம் சொன்ன பாட்டுல நாலு வரி மறந்துபோச்சு. நானே கட்டிச் சொல்லிட்டேன்."

"அந்தப் பெரிய பூட்டை நான் திறக்கலை மகாராஜா" என்றான் பரிதி. "உடைச்சுட்டேன்."

அரசன் வயிறு குலுங்கச் சிரித்தான். வெகுநாளைக்குப் பிறகு அந்த மூன்று பிள்ளைகளும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.

தன் தவறைத் தானே சொல்லும் துணிவு இருந்தால்தான் கூர்மையான அறிவு ஊரைக் காக்கும்.