கசிந்த கரையும் ஆள்காட்டி சொன்ன சேதியும்

பூவரசங்காட்டு ஏரிக்குத் தலைவர் தேர்தல் வந்தது. காட்டெருமையும் நீர்நாயும் போட்டியிட்டன. ஏரி நிறைந்து கிடந்தது. கோடை முழுக்க அந்தக் காட்டுக்கே அதுதான் குடிதண்ணீர்.

ஆனால் கரையின் அடியில் ஓரிடத்தில் தண்ணீர் கசியத் தொடங்கியிருந்தது. அதை முதலில் கண்டது கானாங்கோழி. கரைக்கு வெளிப்புறம், கோரைப்புல்லுக்குள் அது முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தது. கூட்டுக்கு அடியில் ஈரம் ஏறுவதைப் பார்த்துப் பயந்துபோய், தேர்தல் கூட்டத்துக்கு ஓடியது.

“கரை கசியுது. நீங்க தலைவரானா அதை எப்படி அடைப்பீங்க?” என்று இருவரையும் கேட்டது.

நல்ல கேள்வி. இருவரிடமும் பதிலும் இருந்தது.

“நான் முங்கிப் போய் ஓட்டை எங்கேன்னு கண்டுபிடிச்சிடுவேன்” என்றது நீர்நாய்.

“களிமண்ணைப் போட்டு நல்லா மிதிச்சா...” என்று எருமை ஆரம்பிக்கும்போதே ஆள்காட்டிக் குருவி பறந்து வந்தது. காட்டில் யார் அசைந்தாலும் கத்தி ஊரைக் கூட்டுவதுதான் அதன் வேலை.

“சேதி தெரியுமா? நீர்நாய் காலையில தலை வணங்காமலே தண்ணி குடிச்சுது! என் கண்ணால பாத்தேன்!”

குடிப்பதற்கு முன் ஏரிக்குத் தலை வணங்குவது அங்கே வழக்கம். அவ்வளவுதான், கூட்டம் கொதித்துப்போனது.

“ஏரியை மதிக்காதவன் நமக்குத் தலைவனா?” என்றது முள்ளம்பன்றி.

“வணங்கினேங்க. குருவி என் முதுகுப் பக்கம் இருந்துச்சு, அதுக்குத் தெரியல” என்றது நீர்நாய்.

எருமைக்கு வாய்ப்பை விட மனமில்லை. களிமண்ணை மறந்தது. “நான் வணங்காம ஒரு வாய் குடிச்சதில்ல” என்று நெஞ்சை நிமிர்த்தியது.

நீர்நாயும் ஓட்டையை மறந்தது. “தண்ணியில புரண்டு சேறாக்கிட்டு வணங்கினா சரியாப் போச்சா?” என்று எகிறியது. ஆள்காட்டி அதையும் தூக்கிக்கொண்டு காடெல்லாம் பறந்தது.

“அண்ணே, அந்தக் கரை...” என்று கானாங்கோழி மறுபடி வாயெடுத்தது.

“சும்மா இரு தங்கச்சி. முக்கியமான விஷயம் பேசிட்டிருக்கோம்ல” என்றது மான்.

கேட்கவே எரிச்சலாக இருக்கிறது. தண்ணீருக்குக் காட்டும் மரியாதையைப் பற்றித்தான் இவ்வளவு சண்டையும். அந்தத் தண்ணீர் கீழே ஓடிக்கொண்டிருப்பதைக் குனிந்து பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை. நாள்தோறும் கூட்டம், நாள்தோறும் அதே பேச்சு. கசிவு ஓடையாகிவிட்டது.

கடைசியில் முள்ளம்பன்றி ஒரு யோசனை சொன்னது. “கரையில கால்தடம் இருக்கும். வணங்கியிருந்தா முன்னங்கால் ஆழமாப் பதிஞ்சிருக்கும். எல்லாரும் போய்ப் பாத்துடுவோம்.”

நீர்நாய் குடித்த இடம் கசிவுக்கு நேர் மேலே இருந்தது. யானை, மான், பன்றி என்று எல்லாம் முண்டியடித்துக்கொண்டு கரையில் ஏறின.

“அங்க ஏறாதீங்கண்ணே, கரை தாங்காது. கீழ என் முட்டை இருக்கு” என்று கானாங்கோழி கெஞ்சியது. யாரும் திரும்பவில்லை.

“ஆழமாத்தான் இருக்கு” என்றது ஒன்று. “இது முன்னங்காலே இல்ல” என்றது இன்னொன்று. அந்தப் பேச்சு முடிவதற்குள் கரை மொத்தமாகச் சரிந்தது.

எல்லாம் உருண்டு புரண்டு எழுந்தபோது ஏரி காலியாகியிருந்தது. சேறுதான் மிச்சம். கோரைப்புல் இருந்த இடத்தில் கூடும் இல்லை, முட்டையும் இல்லை. கானாங்கோழி அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தது.

மேலே ஆள்காட்டி வட்டமடித்தது. “சேதி தெரியுமா? கரை உடையும்போது எருமை சிரிச்சுது! என் கண்ணால பாத்தேன்!”

சேற்றில் நின்ற கூட்டம் மொத்தமும் எருமையின் பக்கம் திரும்பியது.

“சிரிச்சியா, இல்லையா? முதல்ல அதுக்குப் பதில் சொல்லு” என்றது முள்ளம்பன்றி.

தலைவராக வருபவரிடம் வம்பை மட்டுமே விசாரிக்கும் ஊர், தனக்கு வேண்டியதைத் தானே தொலைத்துவிடும்.