தூங்கி ஜெயித்த முயல் பெண்கள்

புங்கங்காட்டில் முயல் பெண்களுக்கும் கீரிப் பெண்களுக்கும் சடுகுடுப் போட்டி. ஜெயிக்கிற அணிக்குச் செம்மண் மேடு சொந்தம். மழைக்காலத்தில் அந்த ஒரு மேட்டில்தான் வளைக்குள் தண்ணீர் புகாது. தோற்றவர்கள் குடும்பத்தோடு பள்ளத்தில் கிடந்து நனைய வேண்டியதுதான்!

முயல் அணிக்குத் தலைவி வெடுக்கி. நல்ல சுறுசுறுப்பு, கொஞ்சம் அவசரபுத்தி. "மேடு நமக்குத்தான்! போட்டி முடியுற வரைக்கும் யாருக்கும் தூக்கம் கிடையாதுடி!" என்று சொல்லிவிட்டாள். விடியும் முன்னே ஓட்டம். உச்சி வெயிலில் ஆட்டம். பொழுது சாய்ந்தால் குதிப்பு.

பயிற்சி முடிந்ததும் அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முன்னங்காலைச் சேற்றில் தோய்த்து, எம்பிக் குதித்து, மருத மரத்தில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். எவள் எவ்வளவு உயரம் எழும்பினாள் என்று சேற்றுத் தடமே காட்டிவிடும்.

முதல் நாள் வெடுக்கியின் தடம்தான் எல்லோருக்கும் மேலே இருந்தது. அப்புறம் நாளுக்கு நாள் அது இறங்கிக்கொண்டே வந்தது.

அதைப் பார்த்து மனம் குளிர்ந்துபோனவள் கீரி அணித் தலைவி நெளிச்சி. தினமும் புதரோரம் வந்து நிற்பாள்.

"அடடா, என்னடி வெடுக்கி, இவ்வளவு கீழே? பயிற்சி பத்தலைடி! இன்னும் கொஞ்சம் உழைச்சுப் பாரு!"

சொல்லிவிட்டு வளைக்குப் போய்க் குறட்டை விட்டுத் தூங்குவாள். பலே கெட்டிக்காரி!

வெடுக்கி அதை அப்படியே நம்பினாள். ஓட்டம் இரண்டு மடங்கானது. முயல்களுக்குக் கால் பின்னியது. எதிராளியைப் பிடிக்கப் பாய்ந்த ஒருத்தி மரத்தைக் கட்டிப் பிடித்தாள். இன்னொருத்தி சடுகுடு பாடிப் போன இடத்தில் கொட்டாவி விட்டாள்!

அணியில் மொழுக்கி என்று ஒருத்தி. காலில் முள் குத்தியதால் சில நாளாக வளையிலேயே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். புண் ஆறியதும் கன்னம் உப்ப எழுந்து வந்தாள்.

"அக்கா, நானும் ஒரு தட்டுத் தட்டட்டுமா?"

"தூங்குமூஞ்சி! நீ எங்கேடி எட்டப்போறே?"

மொழுக்கி எம்பினாள். பட்டென்று விழுந்தது தட்டு. எல்லாத் தடங்களுக்கும் மேலே!

"ஏய், என்னடி தின்னே?" என்று அதட்டினாள் வெடுக்கி.

"ஒண்ணும் தின்னலைக்கா. தூங்கினேன்."

வெடுக்கி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "ஐயோ! உழைப்பு பத்தலைன்னு நினைச்சேனே, தூக்கம்தான் பத்தலை! அதுவும் எதிராளி பேச்சைக் கேட்டு ஆடியிருக்கேன் பாரு! எல்லாரும் போய்ப் படுங்கடி!"

அன்று முதல் காலையில் அளவாக ஆட்டம். மற்ற நேரம் அறுகம்புல்லும் தூக்கமும்தான்.

போட்டிக்கு முந்தைய நாள் நெளிச்சி எட்டிப் பார்த்தாள். முயல் அணி மொத்தமும் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்காமல் இருக்குமா?

"நாளைக்குப் போட்டி, இவளுங்க தூங்குறாளுங்களே! ஏதோ புது வித்தை கத்துக்கிட்டாளுங்க. அதான் இவ்வளவு தைரியம்!"

ஓடிப் போய்த் தன் அணியை எழுப்பினாள். "எந்திரிங்கடி! விடியுற வரைக்கும் ஆட்டம்தான்!"

மறுநாள் போட்டி. நெளிச்சி பாடிப் போனாள். "சடுகுடு... சடுகு... சடு..." மூச்சு அறுந்தது. கோட்டுக்கு ஓடத் திரும்பினாள், கால் பின்னிக்கொண்டது. பொத்தென்று மொழுக்கியின் மடியிலேயே விழுந்தாள். பிடிக்கிற வேலைகூட மிச்சம்!

அடுத்து வெடுக்கி பாடிப் போனாள். காற்றாகப் பாய்ந்து கண்ணில் பட்ட கீரிகளை எல்லாம் தொட்டாள். பாட்டு அறுபடாமல் திரும்பியும் வந்தாள். மேடு முயல்களுக்கே! காடே அதிரக் குதித்துக் கும்மாளம் போட்டார்கள்.

நெளிச்சி தலை குனிந்து நின்றாள். "உன்னை ஏமாத்தச் சொன்ன பொய்யை நானே நம்பிட்டேன்டி."

வெடுக்கிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "மேடு பெரிசுதான், நீங்களும் வாங்க. மழை விட்டதும் மறுபடி ஆடலாம். முதல்ல போய்த் தூங்குங்கடி, கண்ணெல்லாம் செவந்து கெடக்கு!"

களைத்த உடம்பை விரட்டினால் வேகம் வராது, ஓய்வும் பயிற்சியில் பாதி.