ஒன்றரை மணிப் புளிசாதம்

ஒரு ஊர்ல ஒரு பட்டியல் இருந்துச்சாம். அதைப் போட்டவரு பேரு ராசமாணிக்கம். பொண்டாட்டி தவமணி, மக குயிலி, அவளுக்கு ஒரு குட்டித் தம்பி. நாலு பேரும் பட்டணம் சுத்திப் பாக்கணும். எத்தனை மணிக்கு எங்க, எந்த இடத்துல ஒண்ணுக்குப் போறது, எல்லாமே அதுல இருக்கு. ம் கொட்டுடா மருது, இல்லாட்டி அத்தை தூங்கிடுவேன்.

பிள்ளைங்களுக்காகப் போறோம்னு ஊரெல்லாம் சொல்லிட்டாரு. நெசம் என்னன்னா, அங்க மியூசியத்துல ஒரு திமிங்கல எலும்பு இருக்கு. பள்ளிக்கூடத்துல கூட்டிட்டுப் போன அன்னிக்கு இவருக்குப் பொன்னுக்கு வீங்கி. முப்பது வருசமா மனுசனுக்கு அதே ஏக்கம்.

அப்புறம், தவமணி தூக்குவாளி நெறையப் புளிசாதம் எடுத்துக்கிட்டா, கெளம்பிட்டாங்க. மொதல்ல கலங்கரை விளக்கம். வாசல்ல காவக்காரரு, "சாப்பாடு உள்ள போகக் கூடாது"ன்னுட்டாரு.

"இங்கயே சாப்பிட்டுருவோங்க"ன்னா தவமணி.

"ஒன்றரைக்கு, கடற்கரையில"ன்னாரு ராசமாணிக்கம், பட்டியலப் பாத்து.

"அப்போ நான் நிக்கிறேன், நீங்க போங்க."

"பட்டியல்ல சாமானுக்கு என் பேருதான் போட்டிருக்கு."

வாளியும் கையுமா அவரே நின்னாரு. கொஞ்ச நேரத்துல தடதடன்னு குயிலி எறங்கி வந்தா.

"கடல் தெரிஞ்சுதாம்மா?"

"அம்மா முந்தானைதாம்ப்பா தெரிஞ்சுது. பயமா இருந்துச்சு."

அப்புறம் மீன் காட்சி. அங்கயும் அதே பேச்சு, அதே வாளி. கால் கடுக்க நின்னாரு. வெளிய வந்த குயிலி, "மீனெல்லாம் நம்மளையே பாக்குதுப்பா"ன்னா. சரின்னு கேட்டுக்கிட்டாரு.

மூணாவது, மியூசியம். மணி பன்னண்டு. காவக்காரரு வாளியப் பாத்தாரு. அவரு வாயத் தொறக்கறதுக்குள்ள ராசமாணிக்கம் வாளியோட ஓரமா ஒதுங்கிட்டாரு. "நீங்க போயி பாத்துட்டு வாங்க"ன்னாரு. பாவம்டா. ம் கொட்டு.

அப்போ குயிலி காவக்காரரக் கேட்டா, "சாப்பாடு வயித்துக்குள்ள இருந்தா விடுவீங்களா மாமா?"

அவரு யோசிச்சாரு. "வயித்தையெல்லாம் நாங்க சோதிக்கறதில்ல பாப்பா."

ராசமாணிக்கம் பட்டியல எடுத்து ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம் அதை நாலாக் கிழிச்சு, ஆளுக்கு ஒண்ணா விரிச்சு, அது மேலயே புளிசாதத்த வச்சாரு. வாசல் மரத்தடியில கமகமன்னு வாசம். சப்சப்புன்னு சாப்பிட்டு, மடக்மடக்குன்னு தண்ணி குடிச்சாங்க. காவக்காரருக்கும் ஒரு கவளம்.

உள்ள போனாங்க. தலைக்கு மேல, இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் எலும்பு. மனுசன் வாயத் தொறந்துக்கிட்டு நின்னவரு நின்னவருதான். பட்டியல்ல அதுக்கு ஏழு நிமிஷம். தம்பி தரையிலயே படுத்து ஒரு தூக்கம் போட்டு எந்திரிச்சுட்டான், இவரு நகரல.

குயிலி அவரு கையப் புடிச்சா. "ஏம்ப்பா அழுவுறீங்க?"

"புளிசாதத்துல காரம்மா."

"சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் ஆச்சேப்பா?"

"பெரிய காரம்"ன்னாரு.

வாளி காலி, கதையும் காலி. கண்ண மூடுடா மருது.