ஆனை உட்கார்ந்த முதுகுப்பை

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் கட்டிங் மாஸ்டராக இருக்கும் சென்னிமலையின் வாய்க்குப் பூட்டே கிடையாது என்பது ஊரறிந்த சங்கதி. கடைக்குப் போய்த் தீப்பெட்டி வாங்கி வந்ததைச் சொன்னால்கூட நடுவில் ரெண்டு புலியாவது குறுக்கே போகும். அப்பேர்ப்பட்டவன் ரெண்டு நாளாக வாயைத் திறக்காமல் நடந்து வந்தான். பழனிக்குப் பாதயாத்திரை போகும் அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் அவனுக்குத் தொண்டைக் கட்டு என்று நினைத்தார்கள். மீதிப் பேர் மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தார்கள். அதையும் மறுக்காமல் குடித்தான்.

உண்மைக் காரணம் கோகிலாவுக்கு மட்டும்தான் தெரியும். அதே கம்பெனியில் டெய்லரான அவளும் அந்தக் கூட்டத்தில்தான் நடந்து வந்தாள். சென்னிமலை போன மாசம் அவள் அண்ணனிடம் வந்து பெண் கேட்டுவிட்டுப் போயிருந்தான். அண்ணன், "உன்ற இஷ்டம் கண்ணு" என்று அவள் தலையில் கட்டிவிட்டார். அவளுக்கு அவன்மேல் பிரியம் இல்லாமல் இல்லை. ஆனால் பயமும் இருந்தது. தீபாவளிக்குக் கம்பெனியில் ஆளுக்கொரு மிக்ஸி தருகிறார்கள் என்று அவன் அளந்ததை நம்பி, வீட்டிலிருந்த பழைய மிக்ஸியைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டவள் அவள். அந்தத் தீபாவளிக்கு அம்மா அம்மியில்தான் அரைத்தாள்.

அதனால் மாலை போட்டுக்கொண்ட அன்றைக்கே அவனிடம் பட்டென்று சொல்லிவிட்டாள். "நீங்க சொல்றதுல எது நெசம், எது புளுகுன்னு பிரிச்செடுக்கறதுக்கே என்ற ஆயுசு போயிருமுங்க. பழனி போய்ச் சேர்ற வரைக்கும் புளுகாம வாங்க. அடிவாரத்துல வெச்சு என்ற முடிவச் சொல்றேன். நடுவால ஒரு புளுகு வந்துச்சுன்னா, அப்புறம் இந்தப் பேச்ச என்கிட்ட எடுக்கவே கூடாது."

அவனும் தலையாட்டினான். மாலை போட்டவர்கள் பொய் சொல்லக்கூடாது என்பது எப்படியும் யாத்திரையின் விதிதான். குருசாமி நாச்சிமுத்து அந்த விதிக்கு ஒரு வாலும் சேர்த்து வைத்திருந்தார். பொய் ஒன்றுக்குத் தோப்புக்கரணம் பத்து.

மூன்றாம் நாள் உச்சிவேளைக்குத் தாராபுரம் தாண்டி ஒரு பெரிய ஆலமரத்தடியில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். சோறு வெந்துகொண்டிருந்தது. கோகிலா கொப்புளம் வெடித்த காலுக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் மூட்டையெல்லாம் டெம்போவில் முன்னால் போய்விட்டது. சென்னிமலை மட்டும் முதுகில் ஒரு பச்சைப் பையோடு இருந்தான்.

செக்கிங் சூப்பர்வைசர் ஆறுச்சாமிக்கு அது கண்ணை உறுத்தியது. "ஏனுங் சாமி, அந்தப் பைய மட்டும் எறக்கவே மாட்டீங்கறீங்க? உள்ள என்ன, பழைய சோறுங்களா?"

"ஒண்ணுமில்லீங்."

"ஒண்ணுமில்லாத பைக்கா இத்தன சீராட்டு? ரிஜெக்ட் ஆன துணியில தெச்சாப்பல இருக்குது."

சென்னிமலையின் காது சிவந்தது. அவனைப் புளுகன் என்று சொல்லலாம், சிரித்துக்கொள்வான். அவன் தையலைக் குறை சொன்னால் தாங்கமாட்டான். கோகிலாவை ஒருதரம் பார்த்தான், வானத்தை ஒருதரம் பார்த்தான். ரெண்டு நாளாக உள்ளே தேக்கி வைத்தது அத்தனையும் தொண்டைக்கு வந்து நின்றது.

"இது பையில்லீங் சாமி. வூடு. நடக்கறப்ப முதுகுல தொங்கும். படுக்கோணும்னா இந்தக் கவுத்த ஒரு இழு. அவ்வளவுதான், செவுரு, கூரை, சன்னல் அத்தனையும் நின்னுக்கும். பதினோரு மாசம் மண்டைய ஒடச்சு நானே வரைஞ்சு, நானே வெட்டி, நானே தெச்சதுங்."

இதுவரைக்கும் பொய்யாக ஒன்றும் தெரியவில்லை. கோகிலா எண்ணெய்க் கையை அப்படியே வைத்துக்கொண்டு, இத்தோடு நிறுத்திவிடு சாமி என்று மனசுக்குள் கும்பிட்டாள்.

"மொதல் பை தெச்சப்ப ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சுங். கவுத்த இழுத்தேன், நான் உள்ளார இருக்கறப்பவே மடிஞ்சு மறுபடியும் பையாயிருச்சு. எங்கம்மா பாத்துட்டு, யாரோ பைய மறந்து வெச்சுட்டுப் போயிட்டாங்கன்னு ஈரோடு பஸ்ஸுல ஏத்தி உட்ருச்சு. கண்டக்டர் எனக்கு லக்கேஜ் டிக்கெட்டுதான் போட்டாரு. ஈரோடு பஸ் ஸ்டாண்டுல ஒரு போர்ட்டர் தும்முனாரு. உள்ளார இருந்து நானு நூறாயுசுன்னேன். அந்தாளு அன்னைக்கே வேலைய உட்டுட்டாரு."

"பத்து" என்றார் குருசாமி, கண்ணைத் திறக்காமலே.

கோகிலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. இன்னும் ஒன்றரை நாள். ஒரு மனுஷனால் ஒன்றரை நாள் வாயைக் கட்ட முடியாதா என்று இருந்தது அவளுக்கு.

சென்னிமலை எழுந்து காதைப் பிடித்துப் பத்துத் தோப்புக்கரணம் போட்டான். போட்டு முடித்து அவளைப் பார்த்தான். அவள் இந்தப் பக்கம் திரும்பவில்லை. போனது போய்விட்டது என்று அவனுக்கும் புரிந்தது. இனிமேல் யாருக்காக அடக்க வேண்டும்? அதற்குப் பிறகு மடை திறந்துவிட்டது.

"ரெண்டாவது பைய எடுத்துட்டு மலைக்காட்டுக்குப் போனனுங். மூணு நாளு அடமழை. உள்ளார ஒரு சொட்டு எறங்கோணுமே? மழையே என்ற பையக் கண்டா ரெண்டு அடி ஒதுங்கிப் பேஞ்சுது. தாகத்துக்குத் தண்ணி வேணும்னு சொம்ப வெளிய நீட்டுனா, சொம்புக்கும் ஒதுங்கிப் பேயுது. மூணு நாளு கொட்டற மழையில நாக்கு வறண்டு கெடந்தவன் இந்த ஒலகத்துல நானொருத்தன்தானுங்."

"இருபது" என்றார் குருசாமி.

"மழையே பரவால்லைங்கற மாதிரி ஒரு ஆனை வந்துச்சு. பாறைன்னு நெனச்சு என்ற பைமேல உக்காந்துருச்சு."

"செத்திருப்பீங்களே சாமி" என்றார் ஆறுச்சாமி.

"எனக்குத் தெரியவே தெரியாதுங். தையல் அப்படி. என்ன, கொஞ்சம் இருட்டாயிருச்சேன்னு நெனச்சுத் திரும்பிப் படுத்துட்டேன். விடிஞ்சு பாத்தா ஆனை எந்திரிக்க மாட்டீங்குது. அத்தன சொகம் அதுக்கு. பாரஸ்ட்காரங்க கரும்பு காட்டுனாங்க, வாழத்தாரு காட்டுனாங்க, அசையலையே. கடைசியா அதுக்கும் அதே மாதிரி ஒண்ணு தெச்சுத் தர்றேன்னு அளவெடுத்ததுக்கு அப்புறந்தான் எந்திரிச்சுது. இடுப்பளவு எடுக்க டேப்பு பத்தாம ரெண்டு பக்கத்து ஊரு டேப்பெல்லாம் வாங்கி முடிச்சுப் போட்டோம்."

சமையல் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கரண்டியோடு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். சிரித்துச் சிரித்து ஒருவருக்குப் புரையேறியது. கோகிலாவுக்கும் உதட்டோரம் துடித்தது. அதை நினைத்து அவளுக்குத் தன் மேலேயே எரிச்சலாக இருந்தது.

"முப்பது. அந்தக் காலு பழனி வரைக்கும் வரோணும் சாமி, யோசிச்சுப் பேசுங்க" என்றார் குருசாமி.

"இதக் கேட்டுட்டு நாப்பதாப் போட்டுக்கங்க. அதா, அங்க தெரியுதுங்களே கரண்டு எடுக்கற காத்தாடி, அதே காத்தாடிதான். ஆடி மாசம். இந்தக் காட்டுலதான் படுத்திருந்தேன். அடிச்ச காத்துல பை அப்படியே எந்திரிச்சு, காத்தாடி றெக்கையில போய் மாட்டிக்கிச்சு. ராத்திரி பூராச் சுத்துது. நானு தொட்டில்ல ஆட்டற மாதிரி தூங்கிட்டேன். என்ற பாரத்துக்குக் காத்தாடி எச்சா சுத்தி, கரண்டு கூடிப்போயி, சுத்துப்பட்டு ஊர்லயெல்லாம் பல்பு வெடிச்சுப்போச்சு. காத்தாடிக் கம்பெனிக்காரங்க மேல ஏறி வந்து, 'ஏனுங், மாசச் சம்பளத்துக்கு இங்கயே தங்கிக்கறீங்களா'ன்னு கேட்டாங்க."

"ஏன், தங்கியிருக்கலாமே" என்றாள் கோகிலா. மூன்று நாளில் அவனிடம் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"தங்கியிருப்பனுங். யாத்திரைக்கு நேரமாயிருச்சு" என்றான் மெதுவாக.

பிறகு அவன் நிஜமாகவே நாற்பது வரைக்கும் போட்டு முடித்தான். முடித்தபோது முட்டி ரெண்டும் தந்தியடித்தது.

பூஜைக்கு நேரமானது. சமைத்ததைப் படைத்துவிட்டுத்தான் இலை போடுவார்கள். நாச்சிமுத்து குருசாமியின் பூஜையில் மணி சின்னது, சாம்பிராணி பெரிசு. இங்கே போடும் புகை பழனி மலைக்குத் தெரிய வேண்டும் என்பது அவர் கட்சி. ஆலமரத்து அடியில் வேலை நட்டு, பழனி இருக்கும் திக்கைப் பார்த்து எல்லோரும் கைகூப்பி நின்றார்கள். ஒருவராவது தலையைத் தூக்கி மேலே பார்க்கவில்லை. மேலே, கிளைக்குக் கீழே, முறம் அகலத்துக்கு ஒரு மலைத்தேன் கூடு தொங்கிக்கொண்டிருந்தது. ரெண்டு படி சாம்பிராணிப் புகை நேராக அதற்குள் போனது.

அரோகரா என்று இவர்கள் சொல்லி முடிப்பதற்குள் தேனீக்கள் இறங்கிவிட்டன. குருசாமி தட்டைப் போட்டுவிட்டு ஓடினார். ஆறுச்சாமி சோற்றுக் குண்டா மூடியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினார். மொத்தக் கூட்டமும் எதிரிலிருந்த வாய்க்காலில் போய் விழுந்தது. கோகிலாவும் எழுந்தாள். கொப்புளக் கால் நாலு எட்டுக்கு மேல் வரவில்லை, கீழே உட்கார்ந்துவிட்டாள்.

சென்னிமலை முக்கால்வாசி தூரம் போயிருந்தான். திரும்பிப் பார்த்தவன் அந்த நடுங்கும் முட்டியோடு ஓடி வந்தான். பையை முதுகிலிருந்து உருவிக் கயிற்றை இழுத்தான்.

அது நின்றது. நிஜமாகவே நின்றது. சுவர், கூரை, வலைச் சன்னல் எல்லாமே இருந்தன. கோகிலா வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவளை உள்ளே தள்ளி ஜிப்பை இழுத்தான். ஜிப் கடைசியில் ஒரு சாண் பத்தவில்லை. பதினோரு மாசம் மண்டையை உடைத்தவன் ஒரு சாண் ஜிப் குறைத்து வெட்டியிருந்தான். அந்தச் சாண் அகல ஓட்டையில் தன் முதுகை அழுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"உள்ள வாங்க" என்று கத்தினாள் கோகிலா.

"எடம் பத்தாதுங்."

அவள் நகர்ந்து இடம் விடலாம் என்று கையை நீட்டினாள், கை சுவரில் இடித்தது. காலை நீட்டினாள், நுனி விரலுக்கு அப்புறம் ஒரு விரற்கடைதான் மிச்சம். அவளும் தையல்காரிதான். யாருக்கு எடுத்த அளவு என்று அவளுக்குச் சொல்லவா வேண்டும். ஆறடி உயரச் சென்னிமலை இதில் காலை நீட்டிப் படுக்கவே முடியாது. கூரை அவள் நிமிர்ந்து நிற்கும் உயரத்துக்கு இருந்தது. சேலை தொங்கப்போட ஒரு கொக்கி. ஊக்கு போட்டு வைக்க, தீப்பெட்டி அளவில் ஒரு குட்டிப் பாக்கெட். போன வருஷ யாத்திரையில், பொம்பளைங்களுக்குத் துணி மாத்தவும் படுக்கவும் வழியில ஒரு மறைவு இருக்கா, ஒருத்தர் சேலையைப் பிடிக்க ஒருத்தர் மாத்த வேண்டியிருக்கு என்று அவள் யாரிடமோ புலம்பியிருந்தாள். பக்கத்தில் இவன் வேறு ஏதோ புளுகு ஒன்றை அளந்துகொண்டிருந்தான். காதை மட்டும் இங்கே வைத்திருந்திருக்கிறான்.

ஆனை உட்கார்ந்ததைச் சொன்னான், காத்தாடியில் சுற்றியதைச் சொன்னான், இதை மட்டும் சொல்லவில்லை. கோகிலா அந்தக் குட்டிப் பாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

கால் மணி நேரத்தில் தேனீக்கள் அடங்கின. வாய்க்காலிலிருந்து ஒவ்வொருவராகச் சொட்டச் சொட்ட வந்தார்கள். சென்னிமலையின் முகம் எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. குருசாமி பதறிப்போய், "எத்தன கொட்டுங் சாமி?" என்றார்.

ஆயிரம் என்பான், லட்சம் என்பான் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

"ரெண்டுங்" என்றான் அவன், வீங்கிய உதட்டுக்குள்ளிருந்து. "ரெண்டுதானுங். உள்ள இருக்கறவங்கள பயப்படுத்தாதீங்க."

குருசாமி நகத்தால் ஒவ்வொரு கொடுக்காகக் கிள்ளி எடுத்து எண்ணினார். கையிலும் கழுத்திலும் மட்டும் முப்பத்தாறு. இந்தப் பொய்க்குப் பத்துப் போடச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. ஆறுச்சாமி ஈரத் துண்டைப் பிழிந்து அவன் நெற்றியில் வைத்தார். அப்படியே பையின் தையலை விரலால் நீவிப் பார்த்துவிட்டு, கம்பெனியில் துணியைச் சோதித்துச் சொல்லும் அதே குரலில் "பாஸ்" என்றார்.

கோகிலா வெளியே வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "புளுகிட்டனுங். இனிமேல் அந்தப் பேச்ச எடுக்கக் கூடாதுன்னீங்க. எடுக்கலீங்."

"நீங்க எடுக்க வேண்டாம். நானே சொல்றேன். எனக்குச் சம்மதமுங்க."

அவன் வீக்கத்துக்குள் கண்ணைத் தேடித் திறந்தான். வாயும் கூடவே திறந்துகொண்டது. "அப்ப ஊருக்குப் போனதும் உங்க அண்ணன்கிட்ட நடந்தத நானே சொல்லிடறனுங். ஆலமரம், தேனீ, பைக்குள்ள நீங்க, வாசல்ல நானு..."

"வேண்டாங்க" என்றாள் கோகிலா. "அத நான் சொல்லிக்கறேன். நீங்க சொன்னா எங்கண்ணன் நம்ப மாட்டாரு."