ஏரிக்கரை வெட்டிவேர்

முன்னொரு காலத்தில் பனையாற்று நாட்டைச் செங்கோடன் என்றொரு ராஜா ஆண்டான். நல்லவன்தான். ஆனால் நினைத்தது நினைத்த மாத்திரத்தில் நடந்தாக வேண்டும். ஒரு சித்திரை வெயிலில், "அரண்மனைச் சன்னல் அத்தனைக்கும் வெட்டிவேர்த் தட்டி வேண்டும்" என்றான்.

"பெரிய ஏரிக்கரை முழுக்க வெட்டிவேர்தான், மகாராஜா. நாளைக்கே தோண்டிவிடலாம்" என்றார் அதிகாரி தாண்டவராயர். ராஜா வாயைத் திறக்குமுன் தலையாட்டுகிற மனிதர் அவர்.

மறுநாள் ஆட்கள் மண்வெட்டியோடு போனால், ஒச்சம்மா என்ற விதவை வெட்டிவேர்ப் புல்லுக்கு முன்னால் படுத்துக்கொண்டாள். நாலு வருஷமாக அந்தக் கரையில் வெட்டிவேரை நட்டு வளர்த்தவள் அவள். அவளைச் சபைக்கு இழுத்து வந்தார்கள்.

"என் தலைய வேணும்னா எடுத்துக்கங்க, மகாராசா. அந்த வேரை எடுத்தா கரை நிக்காது. கரை போனா ஊரே போயிரும்."

தாண்டவராயர் சிரித்தார். "புல்லா கரையைத் தாங்குகிறது? கரை கல்லு மாதிரி இருக்கிறது!"

ஒச்சம்மா அவரையே பார்த்தாள். "அப்ப சரி, தோண்டுங்க. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். கரைக்குக் கீழதான் என் வீடு. இந்த மழைக்காலம் முடியிற மட்டும் ஐயா குடும்பத்தோட அங்க இருக்கட்டும். என் வீட்டுக்குள்ள போயிப் பாத்துட்டு, தோண்டச் சொல்லி அவுக வாயாலயே உத்தரவு குடுக்கட்டும்."

ராஜாவுக்கு வேடிக்கையாக இருந்தது. "அப்படியே ஆகட்டும்!" என்று அவனும் கூடவே புறப்பட்டான்.

ராஜா கரைமேல் நின்றான். ஆட்கள் மண்வெட்டியை ஓங்கி நின்றார்கள். தாண்டவராயர் மிடுக்காக வீட்டுக்குள் நுழைந்தார். உள்ளே சுவரில், அவர் தலைக்கு மேல், சேற்றுக்கறை ஒன்று கோடாக ஓடியது.

"இது என்ன, அம்மா?"

"நாலு வருசத்துக்கு முன்னால கரை உடைஞ்சப்ப தண்ணி நின்ன மட்டம், ஐயா. என் புருசனும் ரெண்டு புள்ளைகளும் இதுக்குள்ளதான் இருந்தாக. அதுக்கப்புறந்தான் புல்லை நட்டேன்."

வாசலில் தாண்டவராயரின் மனைவி மக்கள் மூட்டை முடிச்சோடு வண்டியைவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள். 'தோண்டு' என்று சொல்ல வேண்டியவர் வெளியே ஓடி வந்தார்.

"வேண்டாம், மகாராஜா" என்று கும்பிட்டு, உள்ளே இருந்த கோட்டைக் காட்டினார்.

ராஜா இறங்கி வந்து அந்தச் சுவரில் முதுகை ஒட்டி நின்றான். கோடு அவன் கிரீடத்துக்கும் மேலே ஒரு முழம் இருந்தது.

"அம்மா, இந்தக் கரை இனி உன் காவல். நானே கேட்டாலும் வேரைத் தராதே" என்றான். பிறகு தாண்டவராயரைப் பார்த்து, "இந்தப் புல்லை எப்போது அறுக்க வேண்டும்?" என்று கேட்டான். அவர் ஒச்சம்மா பக்கம் திரும்பினார்.

"மழைக்கு முன்னால, மகாராசா. தலையக் கொய்தாத்தான் வேரு கீழ எறங்கும்" என்றாள் ஒச்சம்மா.

"வருஷாவருஷம் அரிவாளோடு வந்து நீரே அறுத்துக் கொடும், தாண்டவராயரே." தலைக்கனம் பிடித்தவருக்கு வாய்த்த வேலை!

ராஜா தயங்கித் தயங்கிக் கேட்டான். "என் தட்டிக்கு?"

"ஆத்து மணல்ல தனியா நட்டுத் தாரேன். வேரு எடுக்க ஒண்ணரை வருசமாகும்."

"அதுவரைக்கும்?"

ஒச்சம்மா உரல்மேல் ஏறி, கூரையில் செருகியிருந்த பனையோலை விசிறியை உருவி நீட்டினாள். அது அவள் புருஷனுடையது. ராஜா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.