தட்டு கீழே விழக்கூடாது

வெள்ளாங்கரையில் யாரையும் முட்டாள் என்று சொல்லிவிட முடியாது. ஒப்பிட்டுப் பார்க்கப் புத்திசாலி ஒருவராவது ஊருக்குள் இருக்க வேண்டுமே! கோமதிநாயகத்தின் மகள் உலகம்மை ஒருத்தி இருந்தாள். அவளுக்கும் பக்கத்து ஊரில் டீச்சர் வேலை கிடைத்ததால், பகல் நேரத்தில் ஊர் நிம்மதியாக இருந்தது.

கோமதிநாயகத்துக்கு வாலிபால் என்றால் உயிர். முழங்கால் இரண்டும் ஓய்வு வாங்கிக்கொண்ட பிறகும் வாயால் ஆடிக்கொண்டிருந்தார். உலகத்தில் எந்த விஷயமானாலும் அவருக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு, அது கடைசியில் நெட்டுக்குப் பக்கத்தில்தான் போய் விழும். காய்ச்சல் வந்தால் டைம் அவுட். பால் பொங்கி வழிந்தால் அவுட். பக்கத்து வீட்டு முருங்கைக் கிளை சுவரைத் தாண்டி வந்தால் ஃபவுல், ஆகவே காய் நமக்கு. மனைவி பேச்சியம்மாள் சாம்பாரில் உப்பை மறந்தால் மட்டும் அபிப்பிராயம் சொல்ல மாட்டார். அம்பயரிடம் வாதாடக் கூடாது என்பது அவர் கொள்கை.

அவர் சொல்வதைக் கேட்க ஆள் வேண்டுமல்லவா? அதற்குத்தான் மாடக்கண்ணு, சித்திரைவேலு, லிங்கப்பன் என்று மூன்று பேர் இருந்தார்கள். ஒரு காலத்தில் அவருடைய டீமில் ஆடியவர்கள். மூன்று பேருக்கும் தொப்பை விழுந்து பேரப்பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். ஆனாலும் அவர்தான் கேப்டன். கேப்டன் சொன்னால் ஏன் என்று கேட்பதில்லை. கேட்டாலும் பதில் விளங்கப் போவதில்லை என்பது அவர்களுக்கே தெரியும்.

இப்படிப்பட்ட அப்பனுக்கு மகளாய்ப் பிறந்தவளுக்குக் கல்யாணம் ஆவது லேசான காரியமா? முதலில் வந்த வரனை, நின்ற இடத்திலிருந்து எம்பிக் குதித்து உத்தரத்தைத் தொடச் சொன்னார் கோமதிநாயகம். மாப்பிள்ளை தொட்டார், வேட்டி அவிழ்ந்தது, அதோடு அந்தச் சம்பந்தம் போயிற்று. இரண்டாவது வந்தவர் இடதுகைக்காரர். அந்தச் சந்தோஷத்தில் கோமதிநாயகம் அவரை அப்படியே மைதானத்துக்குக் கூட்டிப் போய்விட்டார். பெண்ணைப் பார்க்காமலே இருட்டிவிட்டது.

மூன்றாவதாக வந்தவன் மேலச்சுனை கதிரேசன். பால் பண்ணையில் வேலை பார்ப்பவன். வாலிபாலில் ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் என்று கோமதிநாயகம் கேட்டதற்கு, "அது கூட்டத்தைப் பொறுத்தது மாமா" என்றான். உலகம்மைக்கு அந்த இடத்திலேயே அவனைப் பிடித்துப்போயிற்று. கட்டினால் இவனைத்தான் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள். நிச்சயதார்த்தத்துக்கு நாளும் குறித்தார்கள்.

விசேஷத்துக்கு முந்தின நாள் கோமதிநாயகம் தம் ஆட்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"கல்யாணம்னா என்னன்னு நினைக்கிய? ரெண்டு டீமுவே. நம்ம பக்கம் வருத எதையும் கீழ விடப்படாது. மூணு கைக்குள்ள அந்தப் பக்கம் அனுப்பிரணும். அப்பதான் நமக்கு மரியாதை."

மாப்பிள்ளை வீட்டார் ஏதாவது குத்தலாகப் பேசினால் பதிலுக்கு நாமும் சொல்ல வேண்டும் என்பதுதான் அவர் மனசில் இருந்தது.

"எதையுமா அண்ணாச்சி?" என்று கேட்டார் லிங்கப்பன்.

"எதா இருந்தாலும்."

மூன்று பேரும் தலையாட்டினார்கள்.

இதையெல்லாம் உலகம்மை கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர்கள் போனதும் அப்பாவைத் தனியாகப் பிடித்தாள்.

"அப்பா, எனக்கு இந்த இடம் அமையணும். நாளைக்குத் தட்டு மாத்தி முடியுத வரைக்கும் நீங்க வாயத் திறக்கப்படாது. என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க."

கோமதிநாயகத்துக்கு மகள் மேல் கொள்ளைப் பிரியம். அதனால் சத்தியம் செய்தார். செய்தபோது கொஞ்சம் பலமாகவே அடித்துவிட்டார், பழைய ஸ்மாஷ் பழக்கம்.

மறுநாள் காலையில் மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். கூடத்தின் நடுவே கோலமாவில் வெள்ளைக் கோடு ஒன்று நீளமாகக் கிழித்திருந்தது. இந்த ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று மாப்பிள்ளையின் அப்பா திரவியம் மரியாதையாகக் கோட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். அவருடைய சம்சாரம் தங்கபுஷ்பம், பெண்ணை ஒரு பார்வை பார்க்கலாமே என்று அடுப்பங்கரைப் பக்கம் கிளம்பினாள். லிங்கப்பன் மடியிலிருந்து விசிலை எடுத்து ஓங்கி ஊதினார்.

"மயினி, கோட்ட மிதிச்சிட்டீய. பின்னால போங்க."

தங்கபுஷ்பம் பயந்துபோய்ப் பின்னால் போனாள்.

காபி வந்தது. பேச்சியம்மாள் நீட்டிய டம்ளரை மாடக்கண்ணு வாங்கி உயரத் தூக்கினார். சித்திரைவேலு அதை வாங்கிப் பக்கவாட்டில் கொடுத்தார். லிங்கப்பன் அந்தப் பக்கம் தள்ளினார். இப்படியே எல்லாக் காபியும் போய்ச் சேர்ந்தது, ஆனால் முக்கால்வாசி சட்டையில்தான் போய்ச் சேர்ந்தது. நல்ல டிகாஷன் என்று முகர்ந்து பார்த்தவர்கள் சொன்னார்கள்.

பிறகு மாப்பிள்ளையின் தங்கை லட்டுத் தட்டை மலர்ந்த முகத்தோடு நீட்டினாள். அது மூன்று கை மாறி அவள் கைக்கே திரும்பி வந்தது. பூப்பந்தை நீட்டினாள், அதுவும் வந்தது. வாழைத்தார் மட்டும் கொஞ்சம் தாமதமாக வந்தது, கனம்.

நல்ல நேரம் முடிவதற்குள் தட்டு மாற்றிவிடலாம் என்று திரவியம் எழுந்தார். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய், மேலே மாம்பழக் கலரில் பட்டுச்சேலை. இரண்டு கையாலும் தட்டை ஏந்திக் கோமதிநாயகத்திடம் நீட்டினார். கோமதிநாயகம் வாயை இறுக்கி மூடிக்கொண்டு, கண்ணில் நீர் முட்டக் கையை நீட்டினார். அதற்குள் மாடக்கண்ணு குறுக்கே பாய்ந்துவிட்டார்.

மாடக்கண்ணு, சித்திரைவேலு, லிங்கப்பன். தட்டு திரவியத்தின் கைக்கே திரும்பிவிட்டது.

நிச்சயத் தட்டைத் திருப்பிக் கொடுத்தால் சம்பந்தம் வேண்டாம் என்று அர்த்தம். அறைக் கதவுக்குப் பின்னால் நின்ற உலகம்மை கதவை இன்னும் கொஞ்சம் திறந்து எட்டிப் பார்த்தாள். கோட்டுக்கு அந்தப் பக்கம் கதிரேசன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"சேலைக் கலர் பிடிக்கல போலிருக்கு" என்று கிசுகிசுத்தாள் தங்கபுஷ்பம்.

திரவியம் நல்ல மனுஷன். தன் விரலில் கிடந்த மோதிரத்தைக் கழற்றித் தட்டில் வைத்து மறுபடி நீட்டினார். தட்டு திரும்பி வந்தது. தங்கபுஷ்பம் கை வளையலைக் கழற்றி வைத்தாள். வளையலோடு திரும்பி வந்தது. பெண் வீட்டாரை வரதட்சணை கேட்டுப் படுத்துகிற காலத்தில், இப்படிக் கொடுக்கக் கொடுக்க வாங்க மறுக்கிற குடும்பத்தைப் பார்த்து மேலச்சுனைக்காரர்கள் அசந்துபோனார்கள். இந்தச் சம்பந்தத்தை விடவே கூடாது என்ற வைராக்கியம் அவர்களுக்கு அப்போதுதான் வந்தது.

கோமதிநாயகம் தவித்தார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் தட்டு மாற்றி முடியும்வரை பேசக் கூடாது, இவர்கள் இருக்கும்வரை தட்டு மாறாது. ஆற்றாமையில் தலையில் அடித்துக்கொண்டார்.

ஆட்டம் நின்றது. மூன்று பேரும் கூடிப் பேசினார்கள்.

"கேப்டன் ஏதோ சிக்னல் காட்டுதாரு" என்றார் சித்திரைவேலு.

"தலையில தொடுதாரு. அப்ப அடுத்ததைத் தலையால எடுக்கணும்" என்றார் லிங்கப்பன்.

"தேங்காய் இருக்கேவே" என்றார் மாடக்கண்ணு கவலையோடு.

"கேப்டனுக்குத் தெரியாததா உமக்குத் தெரியும்?"

அது நியாயமாகப் பட்டதால் அடுத்த முறை மாடக்கண்ணு தலையால் வாங்கினார். தேங்காய் சரிபாதியாக உடைந்தது. மேலச்சுனைப் பெரியவர் ஒருவர், இதைவிட நல்ல சகுனம் கிடைக்காது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். மாடக்கண்ணு கொஞ்ச நேரம் எல்லாரையும் இரண்டிரண்டாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதற்குள் மாப்பிள்ளை வீட்டு இளவட்டங்களுக்கும் சூடு பிடித்துவிட்டது. திரவியத்தை உட்காரவைத்துவிட்டு அவர்களே மூன்று மூன்று பேராக நின்று தட்டைத் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். தெருவில் போனவர்கள் ஜன்னலில் தொற்றிக்கொண்டார்கள். வெற்றிலை பறந்தது. சமையல்காரர் கரண்டியோடு வந்து நின்று கை தட்டினார். உலகம்மை கதவிடுக்கு வழியாக அப்பாவைப் பார்த்தாள். அவராவது ஏதாவது செய்வார் என்று நினைத்தாள். கோமதிநாயகம் தலையில் அடிப்பதை நிறுத்திவிட்டு, நாற்காலியின் நுனிக்கு வந்து, தட்டு போகிற பக்கமெல்லாம் கழுத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

உலகம்மைக்கு வந்ததே ஆத்திரம்! பட்டும் நகையுமாக, கட்டிய கொண்டையோடு கூடத்துக்குள் பாய்ந்தாள். காற்றில் வந்த தட்டை இரண்டு கையாலும் பிடித்து மார்போடு அணைத்துக்கொண்டு வெள்ளைக் கோட்டின் மேலேயே சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இனி எவனாவது இதத் தொட்டா கடிச்சிருவேன்!"

லிங்கப்பன் நீளமாக விசில் ஊதினார்.

"பிடிச்சா ஃபவுலு. பாயிண்டு மாப்பிள்ளை வீட்டுக்கு."

"அது எப்படி? பிள்ளை நம்ம டீமே இல்லையே" என்றார் சித்திரைவேலு.

"இன்னும் கல்யாணம் ஆவலல்லா? அதுவரைக்கும் நம்ம டீமுதான்."

மூன்று பேரும் நெடுநேரம் யோசித்து, தோற்றது தோற்றதுதான் என்று முடிவு செய்தார்கள். மாடக்கண்ணு லேசாக அழுதார்.

"அப்ப தட்ட வாங்கிக்கிட்டீயன்னு வச்சிக்கலாமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார் திரவியம்.

"வாங்கியாச்சு மாமா" என்றாள் உலகம்மை, தட்டை விடாமலே. கதிரேசன் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பந்தி போட்டார்கள். வயிறு நிறைந்ததும் எல்லாரும் கோமதிநாயகத்தின் முகத்தைப் பார்த்தார்கள். சத்தியம் முடிந்துவிட்டது, மனுஷன் இனிப் பேசலாம். அந்த மூன்று பேரையும் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார் என்று பேச்சியம்மாள் ஆசையோடு காத்திருந்தாள். கோமதிநாயகம் தொண்டையைச் செருமினார்.

"செட்டு முடிஞ்சிருச்சில்லா? இனிமே ரெண்டு டீமும் பக்கம் மாறணும்லாவே. அதக்கூடவா நான் சொல்லணும்?"

அவ்வளவுதான். மூன்று பேரும் சட்டென்று எழுந்தார்கள். கோமதிநாயகத்தை ஒரு கையிலும் பேச்சியம்மாளை மறு கையிலும் பிடித்தார்கள். பங்காளிகள், பக்கத்து வீட்டார், கரண்டியோடு நின்ற சமையல்காரர், எல்லாரையும் அள்ளிக்கொண்டு போய் மாப்பிள்ளை வீட்டு வேனில் ஏற்றினார்கள். உலகம்மையையும் கூப்பிட்டார்கள். அவள் தட்டோடு உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. ஃபவுல் செய்தவர்கள் வெளியே உட்காருவதுதான் முறை என்று லிங்கப்பன் அவளை விட்டுவிட்டார்.

வேன் டிரைவரும் சாமானியப்பட்டவர் இல்லை. வண்டி நிறைந்ததும் நேரே மேலச்சுனைக்கு விடு, வழியில் எங்கும் நிற்காதே என்று காலையிலேயே திரவியம் அவரிடம் சொல்லிவைத்திருந்தார். வண்டி நிறைந்தது. விட்டார். திரவியம் வாசலுக்கு ஓடி வந்து பார்த்தபோது தூசிதான் தெரிந்தது.

சாயங்காலம் மேலச்சுனையிலிருந்து கோமதிநாயகம் போன் செய்தார். இங்கே காற்று நம் பக்கம்தான் வீசுகிறது, எருமை நன்றாகக் கறக்கிறது, கல்யாணத்தன்று பார்ப்போம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

வெள்ளாங்கரையில் தங்கபுஷ்பம் அடுப்பங்கரை வாசலில் பெட்டியும் படுக்கையும் இல்லாமல் நின்றாள். சர்க்கரை எந்த டப்பாவில் என்று தெரியவில்லை. குனிந்த தலையோடு சேலை முந்தானையைத் திருகிக்கொண்டே இருந்தவள் திடீரென்று விசும்பினாள்.

"நான் எங்க வீட்ட விட்டு ஒரு நாளும் பிரிஞ்சி இருந்ததில்ல தாயி."

உலகம்மை எழுந்து வந்து அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"புது வீடுன்னா அப்படித்தான் இருக்கும் அத்தை. போகப் போகப் பழகிரும்" என்றாள். "நான் உங்கள மருமக மாதிரியே நடத்த மாட்டேன். பெத்த மக மாதிரி வச்சிக்கிடுதேன்."